டிசம்பர் விடுமுறையில் கயாக், டால்பின் இரண்டும்: தெற்குத் தீவுகளா, லங்காவியா, பெர்த்தா?

பிடோக்வாசி எழுதியது:

வணக்கம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையின்போது குடும்பத்தோடு கடலோரத்தில் சில நாள்கள் தங்கிவர எண்ணியிருக்கிறோம். கணவர், நான், உயர்நிலை இரண்டில் படிக்கும் மகள், தொடக்கநிலை நான்கில் படிக்கும் மகன், மாமியார் என ஐந்து பேர். பள்ளி முகாமில் கயாக் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்த மகள், விடுமுறை என்றால் இனி அதுதான் என்று சொல்லிவிட்டாள். மகனோ டால்பினைக் கடலில் பார்த்தாக வேண்டும் என்கிறான். தொட்டியில் இருப்பது கணக்கில் வராதாம். இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்க்கலாம் என்று தேடத் தொடங்கியதும்தான் குழப்பம் வந்தது.

நம் சிங்கப்பூரின் தெற்குத் தீவுகளிலேயே டால்பின்கள் உண்டு, வெளியூர் போகவே வேண்டாம் என்கிறார் ஒரு தோழி. மலேசியாவின் லங்காவித் தீவு பக்கத்தில் இருக்கிறது, செலவும் குறைவு என்கிறார் கணவர். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் டால்பின்கள் கயாக்கின் அருகிலேயே வந்து நீந்தும் என்று இணையத்தில் படித்தேன். பாலியில் ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர், டால்பினைக் காணாவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாகவே விளம்பரம் செய்திருக்கிறார். டிசம்பர் மாத வானிலை, மகனின் வயது, படகில் ஏறினாலே தலைசுற்றும் மாமியார் ஆகிய மூன்றையும் கருத்தில் கொண்டு, விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

நீரோட்டம் எழுதியது:

சகோதரி, உங்கள் தோழி சொன்னது உண்மைதான். ஆனால் அதை நம்பி ஒரு விடுமுறையைத் திட்டமிட முடியாது. செந்தோசாவில் 2016ஆம் ஆண்டு மூடப்பட்ட அண்டர்வாட்டர் வோர்ல்டு என்ற கடல்வாழ் உயிர்க் காட்சியகத்தில் இருந்தவைதான் சிங்கப்பூரின் இளஞ்சிவப்பு டால்பின்கள் என்று இன்றும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதே இனம் நம் கடலில் தன்போக்கில் வாழ்கிறது. செயிண்ட் ஜான்ஸ், கூசு, சிஸ்டர்ஸ் தீவுகளைச் சுற்றிய நீர்ப்பரப்பில் அவற்றைக் கண்டவர்கள் படம் பிடித்திருக்கிறார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டலக் கடல் அறிவியல் கழகம் இத்தகைய தகவல்களைத் திரட்டியும் வந்திருக்கிறது. இருந்தாலும் தெற்குத் தீவுகளுக்கு ஆண்டுக்கணக்கில் கயாக்கில் போய்வருபவர்களைக் கேட்டுப் பாருங்கள். கண்டது உண்டா என்றால் உண்டு என்பார்கள்; அடுத்த வாரம் காண முடியுமா என்றால் சிரிப்பார்கள்.

டால்பினைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் மகனின் வயது. தெற்குத் தீவுகள் வரைபடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் தெரிகின்றன; ஆனால் இடையில் இருப்பது உலகின் மிகப் பரபரப்பான துறைமுகங்களுள் ஒன்றின் கப்பல் வழித்தடம். விரைவுப் படகுகள் கிளப்பிவிடும் அலை, படகு கண்ணில் படாத தூரத்துக்குப் போன பிறகுதான் உங்களிடம் வந்து சேரும். நிதானமாகத் துடுப்புப் போடும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் போவார். ஓதம், அதாவது கடலின் ஏற்ற இறக்கம், வேகமாக ஓடும்போது தீவுகளுக்கு இடைப்பட்ட நீரோட்டமும் அந்த வேகத்தை எட்டிவிடும். எதிர்த்துத் துடுப்புப் போட்டால் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். ஆகவே அங்கே போவதாக இருந்தால், பயிற்றுநர் உடன்வரும் குழுவோடு மட்டுமே போக வேண்டும்.

இதில் நம் பஞ்சாங்கம் உதவும் என்பதைச் சொன்னால் என் கயாக் நண்பர்கள் முதலில் நம்பமாட்டார்கள். அமாவாசை, பௌர்ணமி ஆகிய நாள்களை ஒட்டிக் கடல் ஏற்ற இறக்கம் மிகுதி. இங்கே ஏறத்தாழ 3 மீட்டர் வரை நீர்மட்டம் மாறும், நீரோட்டமும் அதற்கேற்ப வலுக்கும். பிறை பாதியாகத் தெரியும் அட்டமியிலும் அதற்கடுத்த ஓரிரு நாள்களிலும் அந்த வேறுபாடு சுருங்கி, ஓட்டம் தணியும். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று வீட்டுப் பெரியவர்கள் ஒதுக்கும் அட்டமி நவமிதான் கயாக்குக்கு நல்ல நாள். உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையின் ஈரமான பகுதி தொடங்கிவிடும். மழை பெய்தால் நனையலாம். இடி கேட்டால் தண்ணீரில் இருக்கவே கூடாது, ஏனெனில் திறந்த நீர்ப்பரப்பில் மிக உயரமான பொருள் நீங்களும் உங்கள் துடுப்பும்தான். சிங்கப்பூரிலேயே கயாக் போதும் என்றால் புலாவ் உபின் தீவின் சதுப்புநிலக் காட்டுக்குள் செல்லும் வழிகாட்டிப் பயணத்தைப் பரிந்துரைக்கிறேன். சுங்கை ஜெலுத்தோங் ஓடைக்குள் நீர் ஏறியிருக்கும் நேரத்தில்தான் நுழைய முடியும் என்பதால் புறப்படும் நேரத்தை ஏற்பாட்டாளர்கள் ஓதத்தைப் பார்த்தே குறிப்பார்கள். அலை இல்லை, கப்பல் இல்லை. மீன்கொத்தியும் நீர்நாயும் பார்க்கலாம். டால்பினை மட்டும் மறந்துவிட வேண்டும்.

உவர்நீர் எழுதியது:

கடல்வாழ் உயிரியல் படித்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். எந்த ஊருக்குப் போவது என்று முடிவெடுக்கும் முன், அந்த ஊரில் இருப்பது எந்த டால்பின் என்று தெரிந்துகொள்வது நல்லது. மகனின் மனத்தில் இருப்பது பெரும்பாலும் வானில் தாவிக் குதிக்கும் டால்பினாகத்தான் இருக்கும். எல்லா இனங்களும் அப்படித் தாவுவதில்லை.

சிங்கப்பூரிலும் லங்காவியிலும் கரையோரமாக வாழும் இளஞ்சிவப்பு டால்பினின் முதுகுத்துடுப்பு சிறியது, அடிப்பகுதி அகன்றது. குட்டியாக இருக்கும்போது அது கருஞ்சாம்பல் நிறம். வயது ஏற ஏறச் சாம்பல் மறைந்து, தோலுக்கு அருகில் ஓடும் இரத்தக் குழாய்களால் இளஞ்சிவப்பு வெளிப்படும். இது அமைதியாக மேலெழுந்து மூச்சுவிட்டு அமிழும். லங்காவிக் கடலில் உள்ள ஐராவதி டால்பினுக்கு மூக்கே நீண்டிருக்காது, தலை உருண்டையாக இருக்கும். அங்கேயே வாழும் துடுப்பில்லாக் கடற்பன்றிக்கு, பெயரிலேயே உள்ளபடி, முதுகுத்துடுப்பே கிடையாது; கலங்கிய நீரில் ஒரு கரிய முதுகு வழுக்கிச் செல்வதைப் பார்த்துவிட்டால் அதுவே பெரிய காட்சி. இவற்றைக் காண்பது எனக்குப் பேரின்பம். பத்து வயதுப் பையனுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். மேற்கு ஆஸ்திரேலியக் கரையில் இருப்பது வளைந்து உயர்ந்த துடுப்புடைய இந்தோ-பசிபிக் பாட்டில்மூக்கு டால்பின். அலையில் விளையாடும், தாவும், சில வேளைகளில் படகை ஆராயத் தானே வரும்.

பாலி விளம்பரத்தைப் பற்றி என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: பணத்தைத் திருப்பித் தருவேன் என்பவரைத் தவிர்த்துவிடுங்கள். காணாவிட்டால் நட்டம் என்ற நிலையில் இருக்கும் படகோட்டி, கண்ட டால்பினை எளிதில் விடமாட்டார். பாலியின் வடகரையில் அதிகாலையில் காட்டப்படுபவை பெரும்பாலும் சுழல் டால்பின்கள். அவ்வினம் இரவெல்லாம் ஆழ்கடலில் இரைதேடிவிட்டுப் பகலில் கரையோரம் வந்து ஓய்வெடுக்கும் பழக்கமுடையது. ஓய்வு நேரத்தில் படகுகள் சூழ்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை எண்ணித்தான், ஹவாயித் தீவுகளின் கரையோரக் கடலில் சுழல் டால்பின்களை 50 கெஜத்துக்கும் குறைவாக நெருங்குவதை 2021ஆம் ஆண்டு அமெரிக்க அரசு தடைசெய்தது. படகு, நீச்சல், துடுப்புப்பலகை என எதற்கும் விலக்கு இல்லை.

இயந்திரம் இல்லாததால் கயாக் தீங்கற்றது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது பாதிதான் சரி. நீருக்கடியில் ஒலி காற்றில் செல்வதைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் செல்லும்; இயந்திரப் படகு வருவதை டால்பின் வெகு தொலைவிலேயே அறிந்து விலக முடியும். சத்தமின்றி வரும் கயாக் திடீரென்று தலைக்குமேல் நிற்கும்போது அது திடுக்கிடுகிறது, அதுவும் குட்டியோடு இருக்கும்போது. ஆஸ்திரேலியாவின் தேசிய வழிகாட்டு நெறிகள் டால்பினிடமிருந்து படகுகள் குறைந்தது 50 மீட்டர் விலகியிருக்கச் சொல்கின்றன, அதாவது போட்டி நீச்சல்குளத்தின் முழு நீளம். குட்டிகள் இருந்தால் 150 மீட்டர். முன்புறமாக வழிமறிப்பதோ பின்னாலிருந்து துரத்துவதோ கூடாது. பக்கவாட்டில் அது போகும் திசைக்கு இணையாகத் துடுப்புப் போட வேண்டும். நீங்கள் தொலைவில் இருக்கையில் அது தானாக அருகில் வந்தால் குற்றமில்லை. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு கயாக்கை மிதக்க விடுங்கள். வாலால் நீரை அறைவது, நெடுநேரம் மூழ்கியிருப்பது, திசையை மாற்றிக்கொண்டே இருப்பது ஆகியவை அது உங்களை விரும்பவில்லை என்பதன் அறிகுறிகள். உணவு எறிவதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை என நினைக்கிறேன்.

தெம்பனிஸ் பாண்டியன் எழுதியது:

இவ்வளவு தூரம் யோசிப்பானேன்? காரை எடுத்துக்கொண்டு மலேசியாவின் மெர்சிங் போய், அங்கிருந்து தியோமன் தீவுக்குப் படகு ஏறிவிடலாமே. விமானச் செலவே இல்லை. தங்குமிடங்களிலேயே கயாக் வாடகைக்குக் கிடைக்கும், தண்ணீரும் கண்ணாடி போல இருக்கும்.

செம்பவாங்கார் எழுதியது:

பாண்டியன், ஜூன் விடுமுறையாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று, தியோமன் இருக்கும் மலேசியத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையை நேரடியாகத் தாக்குகிறது. கடல் கொந்தளிப்பால் படகுப் போக்குவரத்து அடிக்கடி நின்றுபோகும்; பல தங்குமிடங்கள் கதவைச் சாத்திவிடும். அதே காற்றுக்கு மலைத்தொடரின் மறைவில் இருக்கும் லங்காவியில் டிசம்பர் பிற்பகுதி முதல் வறண்ட, அமைதியான பருவம். ஒரே மாதத்தில் இரு கரைகளுக்கும் இத்தனை வேறுபாடு இருப்பதை நம்மில் பலர் விடுதிக்கு முன்பணம் கட்டிய பிறகுதான் கவனிக்கிறோம்.

எனவே பிடோக்வாசி முன்னால் இருப்பவை உண்மையில் இரண்டுதான். லங்காவியில் கயாக் என்றால் கிலிம் பகுதியின் சதுப்புநிலக் காடும் சுண்ணாம்புக் குன்றுகளும். 2007ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் புவிப்பூங்கா என அங்கீகரிக்கப்பட்ட தீவு அது. அலையில்லாத நீரில் இருவர் அமரும் கயாக்கில் மகனை முன்னால் உட்கார வைத்துப் போகலாம். ஆனால் அந்தக் கால்வாய்களில் கழுகுகளுக்குக் கோழித்தோலை எறிந்து கூட்டம் சேர்க்கும் படகுகளும் வரும். முன்பதிவு செய்யும்போதே அது வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. டால்பின்கள் இருப்பது வெளியே திறந்த கடலில். அதற்குத் தனியாக இயந்திரப் படகு எடுக்க வேண்டும். உவர்நீர் சொன்னது போல முதுகு மட்டும் தெரிந்து மறையலாம், எதுவும் தெரியாமலும் போகலாம். ஆகவே லங்காவியில் உங்கள் மகளின் பாதி நிறைவேறும், மகனின் பாதி ஐயம்.

இரண்டும் ஒரே இடத்தில் கூடிவரும் வாய்ப்பு பெர்த்தின் தென்கரையில்தான் மிகுதி. விமானத்தில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். கடிகாரத்தைத் திருப்பவே வேண்டாம், இரண்டு ஊர்களுக்கும் ஒரே நேரம்தான். பெர்த்திலிருந்து காரில் முக்கால் மணி நேரத்தில் ராக்கிங்ஹம் வந்துவிடும். அதை ஒட்டிய ஷோல்வாட்டர் தீவுகள் கடற்பூங்காவில், சுண்ணாம்புக்கல் பாறைத் தொடர்கள் வெளி அலையைத் தடுத்து நிற்பதால், கரையோரம் முழங்காலளவு, இடுப்பளவு நீர் நெடுந்தூரம் பரந்து கிடக்கும். வழிகாட்டியோடு செல்லும் கயாக் குழுக்கள் பெங்குயின் தீவையும், கடல் சிங்கங்கள் வெயில் காயும் சீல் தீவையும் சுற்றி வருகின்றன. டால்பின் வராத நாளில்கூட உங்கள் மகனுக்குக் கடல் சிங்கம் உண்டு என்பதே இந்த இடத்தை நான் முதலில் வைப்பதற்குக் காரணம். கடல் சிங்கத்திடமும் இடைவெளி தேவை. படுத்திருக்கும் கோலத்தைப் பார்த்துச் சோம்பேறி என்று எண்ணிவிடக் கூடாது.

இன்னும் தெற்கே மாண்டுராவில் பெரிய கழிமுகம் இருக்கிறது. அங்கே டால்பின்கள் கால்வாய்களுக்குள்ளேயே வந்துபோகும், வீடுகளின் பின்புறத் தளத்தில் நின்றுகொண்டே பார்ப்பவர்கள் உண்டு. கார் ஓட்ட விருப்பமில்லை என்றாலும் பெர்த் நகரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விடலாம். 2007 டிசம்பரில் திறக்கப்பட்ட தடம் அது. உங்கள் மாமியாருக்கு ஏற்ற இடம் இதுதான். கழிமுகத்தில் செல்லும் சுற்றுலாப் படகு பெரியது, நீர் தட்டையானது, பெரும்பாலும் ஆட்டமே இருக்காது. நீங்கள் நால்வரும் கயாக்கில் இருக்கும்போது அவர் கரையோர நடைபாதையில் அமர்ந்திருந்தாலும் உங்களுக்கு முன்பே அவர் டால்பினைப் பார்த்துவிட வாய்ப்புண்டு. பெர்த் நகரின் நடுவே ஓடும் ஸ்வான் ஆற்றிலும் டால்பின்கள் ஏறி வருகின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நேரம் மிக முக்கியம். கோடையில் அங்கே நண்பகலுக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து பலத்த கடற்காற்று கிளம்பும். உள்ளூர்க்காரர்கள் அதை ஃபிரிமாண்டல் டாக்டர் என்று அழைக்கிறார்கள். வெப்பத்துக்கு அது மருந்து, கயாக்குக்குப் பகை. டிசம்பரில் காலை ஐந்து மணியளவிலேயே விடிந்துவிடுவதால், காலைப் பயணத்தையே பதிவுசெய்து நண்பகலுக்குள் கரையேறிவிடுங்கள். நீர் நம் கடலைப் போல வெதுவெதுப்பாக இருக்காது. பையனுக்கு நீண்ட கையுள்ள நீச்சல் உடை எடுத்துப் போங்கள். குளிருக்கும் உதவும், அங்குள்ள கடும் வெயிலுக்கும் உதவும்.

மங்கி மியாவைப் பற்றி யாராவது சொல்வார்கள். டால்பின்கள் கரைக்கே வந்து நிற்கும் இடம், உண்மைதான். ஆனால் பெர்த்திலிருந்து வடக்கே 800 கிலோமீட்டருக்கும் மேல். மாமியாரோடும் பிள்ளைகளோடும் அவ்வளவு தூரம் காரில் போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

உவர்நீர் எழுதியது:

மங்கி மியா பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே 1960களில் மீனவர்கள் தம் மீனில் கொஞ்சம் கொடுத்துத் தொடங்கிய பழக்கம், 1980களில் கட்டுப்பாடின்றி வளர்ந்தது. மீனுக்காகக் கரையோரம் காத்திருந்த தாய்கள், குட்டிகளுக்குப் பாலூட்டவும் இரைதேடக் கற்பிக்கவும் போதிய நேரம் ஒதுக்கவில்லை. அத்தாய்களின் குட்டிகள் மற்றவற்றைவிட அதிகமாக மடிந்தன. ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்த பிறகு 1990களில் விதிகள் இறுக்கப்பட்டன. இப்போது குறிப்பிட்ட சில பெண் டால்பின்களுக்கு மட்டும், அதுவும் சிறிதளவு, அதிகாரிகளின் கண்காணிப்பில் கொடுக்கப்படுகிறது. குட்டிகளின் நிலை அதன்பின் மேம்பட்டது. மீனவர்கள் அன்பாக எறிந்த மீன் இவ்வளவு தூரம் போகும் என்று யார் நினைத்திருப்பார்கள்! செம்பவாங்கார் சொன்ன ராக்கிங்ஹம், மாண்டுரா திட்டத்தை நானும் ஆதரிக்கிறேன். ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி, டால்பின் தெரியுமா என்பதன்று. தெரிந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதே. தூரத்தில் நின்றுவிடுவோம் என்று சொல்பவரிடம் பணத்தைக் கட்டுங்கள்.

பிடோக்வாசி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. மாண்டுராவில் தங்கி, ஒரு காலையை ராக்கிங்ஹமில் கயாக்குக்கு ஒதுக்குவது என்று முடிவாகிவிட்டது. புறப்படுமுன் பிள்ளைகள் இருவரையும் உபினுக்கு ஒருமுறை அழைத்துப் போய்ப் பையனைத் துடுப்புப் பிடிக்கப் பழக்கவும் போகிறோம். கணவர் லங்காவியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க ஒப்புக்கொண்டார், முணுமுணுப்போடுதான். கடைசியாக இரண்டு ஐயங்கள். மாமியாருக்குத் தலைசுற்றலுக்கான மாத்திரையை எப்போது கொடுப்பது? அவர் கரையிலிருந்து பார்ப்பதற்குத் தொலைநோக்கி வாங்கினால் எந்த அளவு பொருத்தம்? கடையில் பெரிதாக்கும் திறன் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்கிறார்கள்.

நீரோட்டம் எழுதியது:

மாத்திரையைத் தலைசுற்றல் தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை. படகு ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். இவற்றில் பல தூக்கத்தை வரவழைக்கும், இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கான மருந்துகளோடு ஒத்துப்போகாமலும் இருக்கலாம் என்பதால், அவர் வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலை மருந்தகத்தில் காட்டிக் கேட்டு வாங்குங்கள். படகில் கீழ்த்தளத்தின் நடுப்பகுதியில் அமர்த்தினால் ஆட்டம் குறைவாகத் தெரியும். கைப்பேசியைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள்.

தொலைநோக்கியில் கடைக்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள். பெரிதாக்கும் திறன் கூடக் கூடக் கை நடுக்கமும் பெரிதாகும், பார்வைப் பரப்பும் குறுகும். நொடிப்பொழுது எழுந்து மறையும் முதுகுத்துடுப்பை அந்தக் குறுகிய வட்டத்துக்குள் பிடிப்பது கடினம். ஏழு அல்லது எட்டு மடங்கே போதும். நீர் புகாத வகையாக, கழுத்தில் மாட்ட எடை குறைந்ததாகப் பார்த்து வாங்குங்கள். அவர் கண்ணாடி அணிபவர் என்றால், கண்ணாடியோடு பார்க்கும் வகையில் கண் வைக்கும் ரப்பர் விளிம்பைத் தாழ்த்த முடிகிறதா என்று கடையிலேயே சோதித்துவிடுங்கள்.